மிஞ்சிய ஒரு பக்கம்

நான் எழுதிப் பழகியவள் அல்ல. மற்றவர்கள் எழுதியதில் கோடு போட்டே வயது போய்விட்டது. ஆகையால் இதில் முன்னுக்கு வரவேண்டியது பின்னுக்கு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் கூடிவிட்டது. காலையில் என்ன கறி வைத்தேன் என்று பின்னேரம் கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். எங்கள் அச்சகத்தில் சிறு சஞ்சிகை ஒன்று அடிப்பிக்கிறவர், பிழை திருத்துகிற வேலையைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார். எனக்கு வெட்கத்தில் வாய் வரவில்லை. பேசாமல் நின்றதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அரியாலையில் இருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு பஸ்ஸில் போய் வருகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை; வீட்டில் கைக்குழந்தைகள் இருந்தன, அம்மாவுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. வளர்ந்த பிறகு அச்சகத்தில் தாள் மடிக்கப் போனேன். அந்தக் காலத்தில் ஈய எழுத்துக்களைக் கையால் கோத்துத்தான் அடிப்பார்கள். கோத்ததை முதலில் ஒரு தாளில் அடித்து எடுத்து, எழுதியவரின் கைப்பிரதியோடு ஒத்துப் பார்ப்பார்கள். அந்த வேலை செய்பவருக்கு ஒப்புநோக்காளர் என்று பெயர். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கைப்பிரதியை உரக்க வாசிக்க, மற்றவர் அச்சுப்படியில் கண்ணை வைத்துக்கொண்டிருப்பார். வாசிக்கிற பெண் கலியாணமாகிப் போனபோது, எழுத்துத் தெரிந்தவள் என்று என்னைக் கூப்பிட்டு இருத்தினார்கள்.

வாசிப்பது என்றால் தாளில் உள்ள எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். "அவர் வந்தார் முற்றுப்புள்ளி ஆனால் கமா இருக்கவில்லை முற்றுப்புள்ளி புதுப் பந்தி." அப்படி. எனக்கு இயல்பாகவே குரல் எழும்பாது. ஒப்புநோக்காளர், "விழுங்காதை, விழுங்காதை" என்று பென்சிலால் மேசையில் தட்டிக்கொண்டே இருப்பார். அவர் இளைப்பாறிப் போன பிறகு அந்தக் கதிரை கொஞ்ச நாள் சும்மா கிடந்தது. பிறகு நான் அதில் இருந்தேன். யாரும் இருக்கச் சொல்லவில்லை. யாரும் எழும்பச் சொல்லவும் இல்லை. ஈய எழுத்துப் போய்க் கணினி வந்தும் நான் அதில்தான் இருக்கிறேன். ஒத்து வாசிக்க இப்போது ஆள் இல்லை. நானே வாசித்து நானே பார்க்கிறேன். பின்னேரம் ஆனால் எழுத்துக்களுக்குக் கால் முளைத்து வரி மாறி நடக்கத் தொடங்கும். கண்ணைக் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்ப்பேன்.

இலக்கணம் எனக்குத் தெரியும் என்று சிலர் நினைக்கிறார்கள். தெரியாது. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று விதி கேட்டால் முழிப்பேன். சத்தமாக வாசித்துப் பார்ப்பேன். நாக்கு இடறுகிற இடத்தில் நின்று யோசிப்பேன். அதிலும் பிழை வருகிறது. படித்தவர்கள் வந்து காட்டித் தருவார்கள், திருத்திக்கொள்வேன். இலக்கணப் புத்தகம் ஒன்று அலுமாரியில் இருக்கிறது. அதன் முதல் இயலைப் பல தடவை படித்திருக்கிறேன். இரண்டாம் இயலுக்குப் போனதில்லை. அதற்குள் நித்திரை வந்துவிடும்.

இலக்கணப் பிழையை விட எனக்கு அலுப்புத் தருவது நீண்ட வசனம். எங்கள் மொழியில் வினை கடைசியில்தான் வரும். இன்னாரின் மகளும், இன்னாரின் மருமகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும் என்று ஒரு பக்கம் போய், வினை வந்து சேருகிற நேரம் யாரைப் பற்றிய கதை என்பது மறந்துபோகும். மத்தியான வெயிலில் கோப்பாய்ச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறது போலத்தான். வரும் என்று தெரியும், எப்போது என்று தெரியாது. ஆகையால் நடுவில் வெட்டிவிடுவேன். எழுதியவர்கள் கோபிப்பார்கள். "அக்கா என்ரை வசனத்தைக் கொத்திப் போட்டா" என்று ஒருவர் முதலாளியிடம் முறைப்பட்டிருக்கிறார். கொத்தித்தான் போட்டேன். மூன்று வியப்புக்குறி போடுகிறவர்களும் உண்டு. இரண்டை எடுத்துவிட்டு ஒன்றை அவர்களுடைய மனத்துக்காக விட்டுவிடுவேன்.

பிடித்த புத்தகம் எது என்றும் சஞ்சிகைக்காரர் கேட்டிருந்தார். பெரிய பெயர்களைச் சொல்ல ஆசைதான். உண்மையில் எனக்குப் பிடித்தது, முன்னட்டையும் கடைசிப் பகுதியும் இல்லாத ஒரு நாவல். திருப்பிக் கட்டுவதற்காக யாரோ கொண்டுவந்து தந்துவிட்டு, வராமலே போய்விட்டார். அதன் பெயர் என்ன, எழுதியவர் யார், ஒன்றும் தெரியாது. அதில் ஒரு பெண் கிணற்றடியில் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு முடிவு எடுக்கிறாள். என்ன முடிவு என்று சொல்ல முன்னம் தாள் கிழிந்துபோயிருக்கிறது. அவள் வீட்டை விட்டுப் போயிருப்பாள் என்று சில வருடமும், போயிருக்கமாட்டாள் என்று சில வருடமும் நினைத்திருக்கிறேன். இப்போது வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருப்பாள் என்றுதான் படுகிறது. எனக்குக் களைப்பு, அதனால் அவளுக்கும் களைப்பு என்று நினைக்கிறேன் போலும்.

இன்னொன்று, ஊறுகாய் போடுவது பற்றி நாங்களே அடித்த ஒரு சின்னப் புத்தகம். தேசிக்காயை வெயிலில் வைக்கவேண்டும், மழை இருட்டினால் உள்ளே எடுக்கவேண்டும் என்று எழுதியிருக்கும். அதில் ஒரு சொல்லை எடுக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. ஒரு தாய் அடுப்படியில் நின்று சொல்லச் சொல்ல மகள் எழுதினதாம்.

இப்போது அச்சகத்துக்கு வருகிறதில் பாதிக்கு மேல் கல்வெட்டுத்தான். யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூரில் வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு, சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், பிள்ளைகளின் புலம்பல், பேரப்பிள்ளைகளின் புலம்பல், வம்ச விபரம், நன்றி. இதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். சாவு சொல்லிக்கொண்டு வருவதில்லை. முப்பத்தோராம் நாளோ அசையாது. எனவே எல்லாம் அவசர வேலை.

எத்தனை அம்மாமாரை வாசித்துவிட்டேன். எல்லோரும் அன்பே உருவானவர்கள். எல்லா ஐயாமாரும் கடின உழைப்பாளிகள். எல்லோரும் வந்தாரை வரவேற்றார்கள். ஒருவரும் ஒருவரோடும் வேலிச் சண்டை பிடிக்கவில்லை. இவ்வளவு நல்ல சனம் வாழ்ந்த ஊரில் இத்தனை காணி வழக்கு எப்படி நடந்தது என்று யோசித்திருக்கிறேன். இறந்தவரைக் குறிக்கப் போடும் அன்னார் என்ற சொல் வரும் இடமெல்லாம் என் கண் தானாகச் சொருகும். வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகள் தங்கள் மொழியில் எழுதியதைக் கைபேசி தமிழாக்கித் தரும். அதில் பாட்டி என்று இருக்கும். தாயின் தாயா, தகப்பனின் தாயா என்று கேட்டு, அம்மம்மா என்றோ அப்பம்மா என்றோ மாற்றுவேன். அந்த ஒரு சொல்லை மாற்றினவுடன் அந்தப் பிள்ளை கொஞ்சம் கிட்ட வந்தது போல இருக்கும்.

அச்சகத்துக்கு வந்து நின்று கதைக்கும்போது சனம் வடிவாகத்தான் கதைக்கும். "அப்பாவுக்குக் கத்தரிக்காய்ப் பொரியல் இல்லாட்டில் சோறு இறங்காது" என்று அழுதுகொண்டு சொன்ன மகன், தாளில், எளிமையான வாழ்வு வாழ்ந்தார் என்று எழுதித் தருவான். கத்தரிக்காயைப் போடு மோனை என்று சொல்ல எனக்கு வாய் வராது. துக்க வீட்டாரிடம் என்னத்தைச் சொல்கிறது. எழுத்துப் பிழையை மட்டும் திருத்திவிட்டு விட்டுவிடுவேன்.

போன வருடம் மாரி தொடங்குகிற காலம், கோப்பாயில் இருந்து ஒரு கல்வெட்டு வந்தது. கோப்பாயில் இருந்து என்றாலும், அனுப்பியது கனடாவில் இருக்கும் மகள். செத்தவீட்டுக்கு வந்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனவள். லண்டனில் இருக்கும் மூத்த மகன் எழுதிய வாழ்க்கை வரலாற்றை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கணினியில் தட்டச்சுச் செய்கிற பெண் அடித்துத் தர, நான் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் இறந்தவரின் கணவர் பஸ் பிடித்து நேரே வந்துவிட்டார். வெங்காயத் தோட்டக்காரர். எண்பதுக்குக் கிட்ட இருக்கும். கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது, காதும் மட்டு.

இப்போதைய முதலாளி பழைய முதலாளியின் மகன். என்னிலும் மிக இளையவர் என்றபடியால் நான் தம்பி என்றுதான் சொல்வேன். அவர் ஐயாவை என் மேசைக்கு முன்னால் இருத்தினார்.

"அக்கா வாசிச்சுக் காட்டுவா ஐயா. பிழை இருந்தால் சொல்லுங்கோ."

வாசித்தேன். அன்னார் அமைதியின் உருவமாகவும், அதிர்ந்து பேசாதவராகவும் விளங்கி, நூற்றுக்கணக்கான மாணவச் செல்வங்களை உருவாக்கி என்று போனது. ஐயா காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, உது ஆரின்ரை கதை?"

"உங்கடை மனுசியின்ரை, ஐயா."

"என்ரை மனுசி எப்ப பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சவள்? அவள் படிப்பிச்சதெண்டால் எனக்கு மட்டுந்தான். அதிலையும் நான் பாஸ் பண்ணேல்லை."

தட்டச்சுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள். எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற பிழைதான். லண்டன் மகன் யாரோ சிநேகிதனின் தாய்க்கு அடித்த கல்வெட்டைப் பார்த்து, பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டு, அந்த அம்மாவின் மாணவர்களை எடுக்க மறந்துவிட்டான். துக்கத்தில் இருக்கிறவனுக்குச் சொல் வராது. கிட்டக் கிடக்கிற சொல்லை எடுப்பான்.

"மாணவரை எடுத்துவிடுவம் ஐயா" என்றார் முதலாளி.

"அந்தப் பிள்ளையளை எடுங்கோ. அதிர்ந்து பேசாதவள் எண்டும் கிடக்கே, அதை என்ன செய்யப் போறியள்?"

"அது எல்லாருக்கும் போடுறதுதானே."

"எல்லாருக்கும் போடுங்கோ, அவளுக்குப் போடாதேங்கோ. தம்பி, அவள் படலையடியிலை நிண்டு ஒரு சத்தம் போட்டால் நான் தோட்டத்திலை மண்வெட்டியை வைச்சிட்டுச் சோத்துக்கு வருவன். இடையிலை எத்தினை காணி தெரியுமே? கோயில் மணி கேக்காது எனக்கு. அவளின்ரை சத்தம் கேக்கும். அயலிலை ஆரும் மணிக்கூடு வாங்கேல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு குரல் இறங்கியது.

"வாதம் வந்து வாய் இழுத்ததுக்குப் பிறகு பேச்சில்லை. சாகு மட்டும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. வீட்டுக்குள்ளை இருந்து காது கூவும் பிள்ளை, அவ்வளவு அமைதி. இப்ப புத்தகத்திலையும் அவளைப் பேசாதவள் ஆக்கிப்போட்டியள்."

மேசையில் கிடந்த அச்சுப்படியைத் தொட்டுக் காட்டினார்.

"பேரப்பிள்ளையள் அவளோடை இருந்து வளரேல்லை. நாளைக்கு அதுகள் எடுத்துப் பாக்கப் போறது உந்தப் புத்தகத்தைத்தான். அதுக்குள்ளை அவள் இருக்க வேணும். வேறை ஆரோ ஒரு மனுசி இருக்கக் கூடாது. நான் கேக்கிறது அவ்வளவுதான்."

சிறு புத்தகத்தில் பக்கங்கள் நாலு நாலாகத்தான் கூடும். சில வேளை கடைசியில் ஒரு பக்கம் மிஞ்சும். அதில் ஒரு குத்துவிளக்குப் படம் போட்டு நிரப்புவோம். இந்தக் கல்வெட்டிலும் ஒரு பக்கம் மிஞ்சியிருந்தது. முதலாளி அதைச் சொன்னார். ஐயா சொல்லட்டும், அக்கா எழுதட்டும், பிள்ளைகள் ஓம் என்றால் விளக்கை எடுத்துவிட்டு அதைப் போடுவோம் என்றார். அது நடக்காது என்று நினைத்துத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரிந்தது. ஐயாவுக்குத் தெரியவில்லை. அவர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

அவர் சொன்னதை நான் முதலில் அச்சுத் தமிழில் எழுதினேன். இடப்பெயர்வின்போது அன்னார் தமது மகளை உரத்த குரலில் அழைத்து என்று தொடங்கினேன். வாய்விட்டு வாசித்தேன். அந்த மனுசி தாளில் இருந்து எழும்பிப் போய்விட்டா. வெட்டிவிட்டு இன்னொரு மாதிரி எழுதினேன். அதுவும் சரிவரவில்லை. கடைசியில் அவர் சொன்னபடியே எழுதினேன்.

"தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து போகேக்கை, சனத்துக்குள்ளை இளையவளின்ரை கை விட்டுப் போச்சு. சின்னப்பிள்ளை. நான் அங்கையும் இஞ்சையும் தேடி ஓடினன். அவள் ஓடேல்லை. சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நடு வீதியிலை நிண்டாள். 'எடியே எருமை, எங்கையடி போனனீ, இஞ்சை வாடி!' எண்டு கத்தினாள். சனமெல்லாம் திரும்பிப் பாத்துது. அவள் விடேல்லை, கத்திக்கொண்டே நிண்டாள். அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டு பிள்ளை வந்து சேர்ந்திட்டுது. அண்டைக்கு அவள் மெதுவாக் கதைக்கிறவளா இருந்திருந்தால், எனக்கு ஒரு பிள்ளை குறைஞ்சிருக்கும்."

சண்டைக்குப் பயந்து ஊர்ச் சனமெல்லாம் ஒன்றாக வெளிக்கிட்ட அந்த வீதியில் அன்றைக்கு நானும் போனேன். அதைப் பற்றி எழுத என்னால் ஏலாது.

முதலாளி அந்தத் தாளைப் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் மகளிடம் இருந்து பதில் வந்தது. மாணவர் விஷயம் பிழைதான், எடுத்துவிடுங்கள். வேறு ஒன்றும் மாற்றவேண்டாம், அண்ணை எழுதியபடி போகட்டும், அப்பா கவலையில் ஏதேதோ சொல்கிறார், என் கணவர் வீட்டாரும் வாசிக்கிற புத்தகம் என்று இருந்தது.

"பாத்தியளே அக்கா" என்றார் முதலாளி. "பிழை திருத்துறதுதான் எங்கடை வேலை. வீட்டுக் கதை திருத்துறது இல்லை."

அவர் சொன்னது நியாயம். நானும் அப்படியே இருந்து வந்தவள்தான். அன்று பின்னேரம் பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தும் வெளியே பார்க்க மனம் வரவில்லை. எத்தனையோ கல்வெட்டு, எத்தனையோ அன்னார். இதுவும் ஒன்று, போகட்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். ஆனால் அந்த மனிதர் கதிரையை இழுத்துப் போட்ட விதம் கண்ணுக்குள் நின்றது.

மற்ற நாள் அச்சகத்துக்குப் போய்ப் பையை வைக்க முன்னமே முதலாளியிடம் சொன்னேன்.

"தம்பி, அந்தப் பிள்ளை அதை வாசிச்சிருக்காது. என்ரை கையெழுத்து, அதுவும் படத்திலை. மேலாலை பாத்திட்டு விட்டிருக்கும். ஒருக்கா போனிலை வாசிச்சுக் காட்டட்டே?"

"ஆர், நீங்களோ?" என்றார். இத்தனை வருடத்தில் நான் ஒரு வாடிக்கையாளரோடும் போனில் கதைத்ததில்லை. அச்சகத்துப் போன் அடித்தால் மலசலகூடப் பக்கம் போய்விடுகிற ஆள் நான்.

"ஓம்" என்றேன். 

கனடாவில் அந்த மகள் பொழுதுபட்டு வேலையால் வந்த நேரம். முதலாளி விஷயத்தைச் சொல்லிவிட்டு, போனைச் சத்தமாகக் கேட்க விட்டு என் மேசையில் வைத்தார். நான் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொடங்கினேன். பயத்தில் பழைய பழக்கம் வந்துவிட்டது.

"சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நடு வீதியிலை நிண்டாள் முற்றுப்புள்ளி மேற்கோள் தொடக்கம் எடியே எருமை கமா எங்கையடி போனனீ கமா இஞ்சை வாடி வியப்புக்குறி மேற்கோள் முடிவு எண்டு கத்தினாள் முற்றுப்புள்ளி..."

கடைசி வரை அப்படியேதான் வாசித்தேன். நிறுத்த முடியவில்லை.

"அன்ரி, ஏன் கமா, புள்ளியெல்லாம் சொல்லுறியள்?"

"பழக்கம் பிள்ளை. பயத்திலை வந்திட்டுது."

 

"அப்பாவோ உதைச் சொன்னவர்?"

"ஓம்."

"எருமை எண்டதையும்?"

"ஓம் பிள்ளை. வேண்டாமெண்டால் அதை எடுத்துவிடுறன்."

"அம்மா எருமை எண்டு கத்தேல்லை, அன்ரி."

 முதலாளி, நான் சொன்னேனே என்பது போலப் பார்த்தார்.

"எருமைமாடு எண்டு கத்தினவ. எருமைமாடு! அவ்வளவு சனத்துக்கு முன்னாலை. எனக்கு வெக்கத்திலைதான் அழுகை வந்தது. தொலைஞ்சதுக்கு நான் அழேல்லை. என்னோடை படிக்கிற பிள்ளையள் ஆரும் கேட்டிருப்பினம் எண்டுதான் அழுதனான்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய், அது நடுவில் உடைந்து வேறு சத்தமாக மாறியது. நானும் முதலாளியும் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒரு துக்க வீட்டில் இருக்கிற மாதிரித்தான் இருந்தது, வீடு மட்டும் எங்கேயோ இருந்தது.

"அடியுங்கோ அன்ரி" என்றாள் பிறகு. "மாட்டையும் சேர்த்துப் போடுங்கோ. ஆனால் அண்ணை எழுதினதிலை கை வைக்காதேங்கோ. அவர் சின்ன வயதிலை வெளிக்கிட்டவர். பிறகு ஞாயிற்றுக்கிழமையிலை வீடியோவிலை எடுப்பார். வாய் இழுத்த அம்மா ஒண்டும் பேசாமல் அவரைப் பாத்துக்கொண்டு இருப்பா. அவருக்கு மனதிலை நிக்கிறது அந்த அம்மாதான். அவர் பொய் எழுதேல்லை அன்ரி."

நான் இதை யோசித்திருக்கவில்லை. பார்த்து எழுதிய வசனத்துக்குள்ளும் ஒருவன் தன் தாயைக் கண்டிருக்கலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அலுப்பில் அதையெல்லாம் ஒரே அம்மா என்று தள்ளிவிட்டிருந்தேன். இனிமேல் அன்னார் என்று கண்டால் அலுப்பு வராது என்று சொல்ல மாட்டேன். அடுத்த நாளே வந்தது.

ஆக, முதல் பக்கத்தில் அதிர்ந்து பேசாதவர் என்று நின்றது. கடைசிப் பக்கத்தில் அதே மனுசி நடு வீதியில் நின்று கத்தினா. ஒரே புத்தகத்தில் ஒன்றுக்கொன்று முரணாக இரண்டு விஷயம் வந்தால் வட்டம் போட்டுக் கேட்பதுதான் ஒப்புநோக்காளரின் வேலை. பென்சிலால் வட்டம் போட்டும்விட்டேன். பிறகு அழித்தேன்.

"அன்ரி, முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு. சனம் எங்களைத்தான் பிழை சொல்லும்" என்றாள் தட்டச்சுப் பெண்.

"சொல்லட்டும் பிள்ளை."

புத்தகம் கட்டி முடிந்த அன்று ஐயா ஓட்டோ பிடித்து வந்தார். கட்டுகளை ஏற்றவில்லை. நேரே என் மேசைக்கு வந்து இருந்தார்.

"வாசி பிள்ளை. முன்னுக்கு வேண்டாம். அது ஊருக்கு. கடைசியை வாசி."

வாசித்தேன். பின்னால் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஐயா கையைக் காதுக்குக் கொடுத்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"கேக்கேல்லை."

கொஞ்சம் சத்தமாக வாசித்தேன்.

"இன்னும் கேக்கேல்லை. உவ்வளவு மெதுவாக் கத்தினால் பிள்ளை எப்பிடி வந்து சேரும்?"

நான் எழும்பி நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியாது. இருந்துகொண்டு கத்த முடியாது என்று உடம்புக்குத் தெரிந்திருக்கவேண்டும். "எடியே எருமைமாடு! எங்கையடி போனனீ! இஞ்சை வாடி!" என்று கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் கிடந்தது எனக்கே தெரியாது. பின்னால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆள் எட்டிப் பார்த்தான். கலியாண அழைப்பிதழ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் முழுவதும் திரும்பியது. என் காது இரண்டும் நெருப்பாக எரிந்தன.

ஐயா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

"கிட்டத்தட்ட" என்றார். "அவளுக்கு இன்னும் கொஞ்சம் மூக்காலை வரும்."

பிறகு எழும்பி, கட்டுகளை ஓட்டோவில் ஏற்றுவித்து, ஒரு புத்தகத்தை மட்டும் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். "போட்டு வாறன் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தியேட்டிச் சாப்பாட்டுக்குச் சொல்லி அனுப்பினார். சனத்துக்குள் போக எனக்குக் கூச்சம், போகவில்லை. சனம் வாசித்தார்களா, சிரித்தார்களா, முகம் சுழித்தார்களா என்று எனக்குத் தெரியாது. தொண்டை இரண்டு நாள் கரகரத்தது.

அந்தக் கல்வெட்டில் ஒரு பிரதி கூட அச்சகத்தில் மிச்சம் இல்லை. ஐயா எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டார். அதனால் மேலே எழுதியிருப்பது எல்லாம் என் ஞாபகத்தில் இருந்துதான். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்த அம்மாவா ஐயாவா என்று இப்போது எனக்குத் தடுமாற்றமாக இருக்கிறது. கை விட்டுப்போனது வழியில் வரும் பாலத்தடியில் என்று அவர் சொன்ன மாதிரியும் இருக்கிறது; அதை எழுதினேனா, விட்டேனா என்று தெரியவில்லை. கோப்பாய்ப் பக்கம் யாருடைய வீட்டிலாவது அந்தப் புத்தகம் இருந்தால், தயவுசெய்து கடைசிப் பக்கத்தை எடுத்து இதோடு ஒத்துப் பாருங்கள். நான் மாற்றி எழுதியிருந்தால் சஞ்சிகைக்காரருக்குச் சொல்லி அனுப்புங்கள், அடுத்த இதழில் திருத்தட்டும்.